காயம் ஆற்றும் கட்டளைகள்

(நெய்வேலியில் நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி, இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

தமிழில் ‘காயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உடலையும் காயம் என்கிறோம். உடலில் பட்ட புண்ணையும் காயம் என்கிறோம். உழைத்துப் பிழைக்கும் மக்களுக்கு இவ்விரு பொருளும் வெகு தொலைவில் இல்லை. சுரங்கத்திலும் கொதிகலன் அருகிலும் நிற்பவர் உடல், வயற்சேற்றில் இறங்குபவர் கால், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகளில் கொட்டை உடைத்து அதன் எண்ணெயால் தோல் வெந்துபோகும் தாய்மார்களின் விரல் என்று, காயம் படாத உடல் நம்மிடையே அரிது.

காயம் பட்டால் சிலருக்கு ஒரு வாரத்தில் ஆறுகிறது. சிலருக்கு மாதங்கள் சென்றும் ஆறுவதில்லை. ஆறாத புண்ணைக் கண்டால் நம் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்? ‘அது கெட்ட உடம்பு’ என்கிறார்கள், ‘விதி’ என்கிறார்கள், ‘முன்வினை’ என்பாரும் உண்டு. நம் பிறப்பையே முன்வினை என்று சொல்லி நம்மை ஒதுக்கி வைத்த நாட்டில், நம் புண்ணையும் அதே சொல்லால் விளக்குவதை நாம் ஏற்கலாகாது. புண் ஆறுவதற்கும் காரணம் உண்டு, ஆறாமைக்கும் காரணம் உண்டு. அக்காரணங்களில் பலவற்றை இன்று அறிவியல் அறிந்திருக்கிறது. அவற்றை நாமும் அறிய வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

உடலில் இருக்கும் குருத்து

வாழையை வெட்டிவிட்டால் வெட்டிய இடத்தின் நடுவிலிருந்து மறுநாளே குருத்து எழுவதைக் காண்கிறோம். பனையின் தலையை வெட்டிவிட்டால் மரமே பட்டுப்போகிறது. குருத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் மறுவாழ்வு இருக்கிறது. மனித உடலிலும் அத்தகைய குருத்துகள் உண்டு. அவற்றைக் குருத்தணுக்கள் என்று தமிழிலும், ஸ்டெம் செல் என்று நாளேடுகளிலும் வழங்குகிறோம். தன்னைப் போன்ற அணுவையும் படைத்துக்கொண்டு, வேண்டியபோது தோலாகவோ இரத்தமாகவோ தசையாகவோ மாறக்கூடிய அணுவையும் பிறப்பிக்கும் ஆற்றல் உடையது குருத்தணு.

இவற்றின் உழைப்பு அளவிடற்கரியது. நம் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாட்களே வாழ்கிறது. அதனை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியிலும் 20 இலட்சம் சிவப்பணுக்களைப் புதிதாய் ஆக்கி அனுப்புகிறது. குடலின் உட்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறையும், மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படுகின்றன.

இந்நகரின் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலில் கண்ணுக்குப் புலப்பட்ட ஆண்டு 1961. அதே 1961ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் டில், மெக்கல்லக் என்னும் இரு அறிஞர்கள், எலும்பு மஜ்ஜையில் இரத்தக் குருத்தணு உண்டு என்பதைச் சுண்டெலிகளைக் கொண்டு மெய்ப்பித்தார்கள். அவ்வாண்டிலேயே அலெக்சாண்டர் மாரோ என்பவர், தசைநாரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு அணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். தசை கிழிந்தால் அதைச் செப்பனிடுபவை அவ்வணுக்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மண்ணுக்கடியில் புதைந்திருந்த செல்வம் இங்கே வெளிப்பட்ட காலத்தில், உடலுக்குள் புதைந்திருந்த செல்வம் அங்கே வெளிப்பட்டது எனலாம்.

கட்டளையிடுவது யார்?

சுரங்கத்தில் ஆயிரம் தொழிலாளர் இருந்தாலும், எப்போது தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்பதற்குக் கட்டளை வேண்டும். குருத்தணுக்களும் அவ்வாறே. அவற்றுட் பல பெரும்பாலான காலம் உறங்கிக் கிடக்கின்றன. இடைவிடாது பெருகினால் அதுவே புற்றுநோய்க்கு வழியாகும். ஆகவே அவற்றை எழுப்பவும் அடக்கவும் உடலில் பல ஏற்பாடுகள் உள்ளன. புண்பட்ட இடத்திலேயே பிறக்கும் செய்திகள் சில. தொலைவிலுள்ள சுரப்பிகளிலிருந்து இரத்தத்தின் வழியே வரும் செய்திகள் சில. பின்னவற்றையே ஹார்மோன்கள் என்கிறோம். இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் 1902இல் முதல் ஹார்மோனைக் கண்டனர். ‘ஹார்மோன்’ என்னும் பெயரை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

இக்கட்டளை எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு நாம் எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்க சான்று இரத்தம். நம் இளைஞர் ஒருவர் 350 மில்லி லிட்டர் இரத்தம் கொடையளிக்கிறார் என்று கொள்வோம். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் நிரம்பிவிடும். ஆனால் சிவப்பணுக்கள் குறைந்துவிட்டன. உயிர்வளியைச் சுமப்பதற்கு ஆள் குறைவு. இக்குறையை முதலில் உணர்வது சிறுநீரகம். அது எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து இரத்தத்தில் விடுகிறது. அச்செய்தி மஜ்ஜையை அடைகிறது. அங்கே குருத்தணுவிலிருந்து பிறந்து, சிவப்பணுவாக வளர வேண்டிய இளம் அணுக்களில் பல, செய்தி வராவிட்டால் மடிந்துபோகும். செய்தி வந்தால் பிழைத்து வளரும். சில வாரங்களில் இழப்பு ஈடாகிறது.

இந்த ஹார்மோனைக் கண்டெடுத்த வரலாறும் நாம் அறியத்தக்கது. ஜப்பானில் குமாமோட்டோ நகரில் மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளின் சிறுநீரை மியாக்கே என்னும் மருத்துவர் திரட்டினார். 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் அளவே தூய எரித்ரோபாய்ட்டின் கிடைத்தது. அவரும் சிகாகோவின் கோல்ட்வாசரும் சேர்ந்து 1977இல் இதனைச் செய்து முடித்தனர். 1983இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1989இல் அது மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு ஊசியாக அளிக்கப்படுவது இதுவே. சிறுநீரகம் கெட்டவர் ஏன் வெளிறிப்போகிறார் என்று நாம் வியப்பதுண்டு. கட்டளையிடும் இடம் கெட்டதால் மஜ்ஜை வாளாவிருக்கிறது என்பதே விடை. உயிர்வளியின் குறைவை அணுக்கள் எவ்வாறு உணர்கின்றன என்பதை விளக்கிய மூவர்க்கு 2019இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஆனால் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். கட்டளை வந்தால் மட்டும் வீடு எழும்பிவிடாது, செங்கல் வேண்டும். சிவப்பணுவுக்குச் செங்கல் இரும்புச்சத்து. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இரும்புக் குறைவால் சோகையுற்ற பெண்களின் சிறுநீரகம் இடையறாது கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மஜ்ஜை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கையில் பொருள் இல்லை. உழைப்பாளி இருந்தும், உத்தரவு இருந்தும், பொருள் இல்லாமையால் வேலை நிற்பது என்பது நமக்கு அறிமுகமில்லாத துன்பமன்று.

வடு இன்றி ஆறும் புண்

பெண்களின் உடலில் மாதந்தோறும் நிகழும் ஒரு செப்பனிடுதலைப் பற்றி வெளிப்படையாகப் பேச நாம் தயங்கலாகாது. கருப்பையின் உட்சுவர் ஒவ்வொரு மாதமும் உரிந்து விழுகிறது. அது ஒரு பெரும் புண்ணே ஆகும். ஆனால் சில நாட்களில் வடுவே இல்லாமல் ஆறி, சுவர் மீண்டும் எழுகிறது. வாழ்நாளில் ஏறத்தாழ 400 முறை இது நிகழ்கிறது. அச்சுவரின் அடித்தளத்தில் குருத்தணுக்கள் இருப்பதை 2004இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் காட்டினர். இரத்தப்போக்கு நின்று சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, புதுச்சுவர் தடித்து வளர்கிறது. இதே ஈஸ்ட்ரோஜன் கருவுற்ற சுண்டெலிகளில் இரத்தக் குருத்தணுக்களையும் பெருகச் செய்கிறது என்பது 2014இல் வெளிவந்த ஆய்வு. தாய்மைக்கு வேண்டிய கூடுதல் இரத்தத்தை உடல் முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறது.

மனித உடல் செய்யும் இவ்வளவு நுட்பமான வேலைக்கு நம் சமுதாயம் இட்ட பெயர் ‘தீட்டு’. அதே சொல்லைத்தான் நம் முன்னோரின் நிழலுக்கும் இட்டார்கள். ஒரு சொல்லால் இருவரையும் ஒதுக்கினார்கள். நம் வீடுகளிலேனும் அச்சொல் நம் மகளிர்மீது வழங்காதிருக்கட்டும்.

தீயும் துயரும்

2020ஆம் ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இந்நகரின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் தீக்காயமுற்று உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தீக்காயம் ஏன் இவ்வளவு கொடியது என்பதையும் குருத்தணுவின் கணக்கிலேயே விளங்கிக்கொள்ள முடியும். மேல்தோல் மட்டும் வெந்தால், அடியிலுள்ள குருத்தணுக்களும் மயிர்க்கால்களில் பதுங்கியுள்ள குருத்தணுக்களும் வெளிவந்து புதுத்தோலைப் போர்த்திவிடும். தீ ஆழமாக இறங்கி மயிர்க்கால்களையும் எரித்துவிட்டால், குருத்து வெட்டப்பட்ட பனையின் நிலைதான். அப்போது உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். எடுப்பதற்கும் தோல் இல்லாதபோது? 1983இல் அமெரிக்காவில், உடலில் 95 விழுக்காட்டிற்கு மேல் வெந்துபோன சிறுவர் இருவர்க்கு, எஞ்சியிருந்த சிறு துண்டுத் தோலிலிருந்து ஆய்வகத்தில் புதுத்தோல் வளர்த்து ஒட்டி உயிர் காத்தனர். ஹோவர்டு கிரீன் என்பவர் கண்ட முறை அது.

பெருந்தீக்காயம் பட்டவரின் இரத்தத்தில் கார்ட்டிசால், அட்ரினலின் என்னும் நெருக்கடிக்கால ஹார்மோன்கள் பொங்கி எழுகின்றன. சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பி இவற்றை விடுகிறது. ஆபத்து நேர்ந்த முதல் நாழிகைகளில் இவையே உயிரைக் காக்கின்றன. ஆனால் மாதக்கணக்கில் ஏறியே இருந்தால், தசை கரைகிறது. புண்ணை மூட வேண்டிய அணுக்கள் மந்தமாகின்றன. காப்பாற்ற வந்த காவலர் வீட்டைவிட்டு அகலாதிருந்தால் வீட்டுக்காரர் வேலை செய்வது எப்படி?

தீக்காயம் வேண்டியதில்லை, மனத்துயரே போதும். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கீகோல்ட்-கிளேசர் என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும் செய்த ஆய்வை 1995இல் வெளியிட்டனர். மறதிநோயுற்ற உறவினரை ஆண்டுக்கணக்கில் கவனித்துவரும் பெண்கள் 13 பேர். அதே வயதுடைய வேறு பெண்கள் 13 பேர். அனைவர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவான சிறு புண் செய்யப்பட்டது. துயரச் சுமை உடையவர்க்கு அது ஆற ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. பின்னர் 1998இல் பல் மருத்துவ மாணவர்களைக் கொண்டு அதுபோன்ற ஆய்வு வெளிவந்தது. விடுமுறையில் ஆறிய அதே அளவுப் புண், தேர்வு நாட்களில் ஆற 40 விழுக்காடு கூடுதல் காலம் எடுத்தது.

இதன் உட்காரணத்தை அணு அளவில் காட்டிய ஆய்வும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளிவந்த ஆய்வில், நெருக்கடி ஹார்மோன் சுண்டெலியின் மயிர்க்கால் குருத்தணுக்களை நீண்ட உறக்கத்தில் ஆழ்த்துவது கண்டறியப்பட்டது. அந்த ஹார்மோன் குருத்தணுவை நேரே தொடுவதில்லை. அதன் அண்டையிலுள்ள அணுக்களை அடைந்து, அவை சுரக்க வேண்டிய ‘எழுந்திரு’ என்னும் செய்தியைத் தடுத்துவிடுகிறது. அண்டை வீடு வாய்மூடினால் குருத்தணு உறங்குகிறது. குருத்தணுவின் வலிமை அதன் சூழலில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இவ்வாய்வுகள் சாதி இழிவைப் பற்றிச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் நாம் சிந்திக்கலாம். நாளை வேலை உண்டா என்றறியாத ஒப்பந்தத் தொழிலாளியின் கவலையும், பள்ளியில் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட பிள்ளையின் குமுறலும் நெருக்கடிகளே. அட்ரீனல் சுரப்பிக்கு விளங்கும் மொழி ஒன்றே. மானத்தோடும் அச்சமின்றியும் வாழ்வது மனத்திற்கு மட்டுமன்றி உடலுக்கும் மருந்து என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

இன்னுமொன்று. கார்ட்டிசாலைப் போன்ற மருந்துகளே ஸ்டீராய்டு மாத்திரைகளும் ஊசிகளும். ஆஸ்துமா முதலிய நோய்களில் தேர்ந்த மருத்துவர் கையில் அவை உயிர்காப்பவை. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் பெயர் சொல்லாமல் போலி மருத்துவர் போடும் ஊசியில் அவை இருந்தால், வலி அன்றே மறையும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், புண் ஆறாது. அதே வேளையில், நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் தாமே திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சொந்தச் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். படிப்படியாக மருத்துவர் சொற்படியே குறைக்க வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் தம்பிமார்க்கும் ஒரு சொல். பயிற்சியால் தசையில் நேரும் நுண்கிழிசல்களை மாரோ கண்ட அணுக்கள் செப்பனிடுவதில் டெஸ்டோஸ்டிரான், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை துணைசெய்வது மெய். ஆனால் ஊசிவழி அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டால், உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விந்தணு குன்றும், இதயமும் கல்லீரலும் கெடும். பயறும் முட்டையும் உறக்கமும் தராத தசையை ஊசி தந்தால் அது கடன் வாங்கிய தசை.

‘கெட்ட உடம்பு’ என்பது பொய்

இனி, நம் மக்களிடையே ஆறாத புண்ணுக்கு மிகப் பெரும் காரணமாகிய நீரிழிவுக்கு வருவோம். கணையம் சுரக்கும் இன்சுலின் குறைந்தாலோ, உடல் அதன் சொல்லைக் கேளாதொழிந்தாலோ இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இன்சுலின் சர்க்கரையை அடக்கும் ஹார்மோன் மட்டுமன்று. அணுக்கள் வளரவும் பெருகவும் ஆணை தருவதும் அது. அதன் ஆட்சி குலைந்தால் காலின் நரம்பு மரத்துப்போகிறது. சிறு இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. மஜ்ஜையிலிருந்து வெளிவந்து சேதத்தைச் சீர்செய்ய உதவ வேண்டிய குருத்தணுக்களும் குறைவாகவே வெளிவருகின்றன. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் எனக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர். இது பணக்காரர் நோய் என்று இனியும் சொல்வதற்கில்லை. நம் அண்ணல் அம்பேத்கரே 1948 முதல் நீரிழிவால் துன்புற்றார். 1954இல் சில மாதங்கள் படுக்கையில் கிடந்தார். 1956 டிசம்பர் 6ஆம் நாள் 65 வயதில் மறைந்தார்.

மரத்துப்போன காலின் புண்ணைப் பற்றி உலகிற்குப் பாடம் கற்பித்தது நம் வடார்க்காட்டு மண் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோயாளியின் சதையே கெட்ட சதை, அதில் புண் ஆறாது, அறுவை செய்தும் பயனில்லை என்று மருத்துவர்களே நம்பினர். பிராண்டு அந்நம்பிக்கையை ஆராய்ந்தார். அவர் கண்டது யாது? அவர்கள் சதை மற்றவர் சதையைப் போலவே ஆறுகிறது. உணர்ச்சி இல்லாமையால் அவர்கள் புண்ணின் மீதே நடக்கிறார்கள். ஆறிவரும் இடம் நாள்தோறும் மீண்டும் நசுங்குகிறது. மாவுக்கட்டுப் போட்டுப் புண்ணுக்கு ஓய்வு கொடுத்தபோது ஆண்டுக்கணக்கான புண்கள் ஆறின. வேலூரிலும் கரிகிரியிலும் மென்ரப்பர் செருப்புகள் செய்து அளித்தனர். பிராண்டு 1966இல் அமெரிக்கா சென்றபின் அதே முறை அங்கு நீரிழிவுக்காரர் கால்களுக்கும் பயன்பட்டு, உலகெங்கும் பரவியது.

‘கெட்ட சதை’ என்று ஒதுக்கப்பட்டவர் உடலில் கெட்டது எதுவும் இல்லை. அதற்குக் காப்பும் ஓய்வும் கிட்டவில்லை என்பதே அன்று வெளிப்பட்ட உண்மை. பிறப்பால் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட நமக்கு இவ்வுண்மையின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வேலூரின் பிற்காலச் சாதனையும் வணிகரின் விளம்பரமும்

அதே வேலூர் மருத்துவமனையில் 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிற்று. 2005இல் அங்கே குருத்தணு ஆய்வு மையம் தோன்றியது. இரத்தம் உறையாமை நோயாகிய ஹீமோபிலியா உடைய ஐவரின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, நல்ல மரபணுவைச் சேர்த்து, மீண்டும் அவர்கள் உடலிலேயே செலுத்தி வெற்றி கண்டதை 2024 டிசம்பரில் அவர்கள் வெளியிட்டனர்.

இச்சிகிச்சையிலும் நாம் பேசிவரும் கட்டளைக்குப் பங்கு உண்டு. மஜ்ஜைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் குருத்தணுவை இரத்தத்திற்கு வரவழைக்க, ஜி-சி.எஸ்.எஃப். என்னும் ஹார்மோன் போன்ற புரதத்தைக் கொடையாளிக்குச் சில நாட்கள் ஊசியாக அளிக்கின்றனர். பின்னர்க் கை நரம்பின் வழியே இரத்தத்தை எடுத்து, குருத்தணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியதைத் திருப்பிச் செலுத்துகின்றனர். உடன்பிறந்தார் ஒருவர் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தாதவர் அயலாரைத் தேட வேண்டும். அத்தகைய கொடையாளர் பட்டியலைத் திரட்ட 2009இல் சென்னையில் தாத்ரி என்னும் அமைப்புத் தொடங்கப்பட்டது. நம் இளைஞர் பெயர்களும் அத்தகைய பட்டியலில் ஏற வேண்டும்.

ஆனால் இதே பெயரைச் சொல்லி ஏமாற்றுவாரும் உளர். முதுகுத்தண்டு முறிவுக்கும், மூளை வளர்ச்சிக் குறைவுக்கும், நீரிழிவுக்கும், மூட்டுத் தேய்வுக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று விளம்பரம் செய்து இலட்சங்கள் பறிப்போர் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. இரத்தக் குருத்தணுவைக் கொண்டு குறிப்பிட்ட இரத்த நோய் முதலியவற்றுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை மட்டுமே நிலைபெற்ற மருத்துவம். பிற, ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே செய்யத்தக்கவை. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது. காசு கேட்டால் அது வணிகம். மனையை விற்று ஊசி போடும்முன், ‘இதற்கு ஒப்புதல் உண்டா? எழுத்தில் காட்டுங்கள்’ என்று கேட்கும் துணிவைக் கல்வி நமக்குத் தர வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மருத்துவம் நமக்குப் புதியதன்று. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக விளங்கியவர். 1907இல் அவர் தொடங்கிய இதழ் அறிவை ஒரு பைசாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஊரார் பிள்ளைகளை உலகிற்குக் கொண்டுவந்த கைகள் நம் பாட்டிமார் கைகள். அறிவு நம்மிடம் இல்லாதிருக்கவில்லை. ஏட்டில் ஏறும் வாய்ப்பே இல்லாதிருந்தது. இக்கழகம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணி அவ்வாய்ப்பைத் திறப்பதே.

ஆகவே இவ்விழாவின் நினைவாக மூன்று செயல்களை முன்வைக்கிறோம். ஒன்று, முப்பது வயது கடந்த ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்வது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. நீரிழிவு உடையவர் நாள்தோறும் இரவில் தம் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ பிள்ளைகளின் கண்ணாலோ பார்ப்பது, வெறுங்காலுடன் நடவாதிருப்பது. இரண்டு, வளரிளம் பெண்கள் அனைவரும் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளவும், முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பயறும் வீட்டு உணவில் நிலைபெறவும் தாய்மார்கள் பொறுப்பேற்பது. மூன்று, உயிரியல் பாடத்தில் நாட்டமுள்ள நம் பிள்ளைகளைக் கழகம் இனங்கண்டு, மருத்துவம் செவிலியம் மட்டுமன்றி, ஆய்வகப் படிப்புகளுக்கும் அனுப்புவது. ஆறாத புண்ணின் காரணம் தேடும் ஆய்வகத்தில், அப்புண்ணைத் தன் வீட்டில் கண்டு வளர்ந்த பிள்ளையும் இருத்தல் வேண்டும்.

நம் உடலுக்குத் தன்னைத் தானே செப்பனிடும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. அது எவர் உடலிலும் கூடக்குறையப் பிறப்பால் பங்கிடப்படவில்லை. அவ்வாற்றலுக்கு உணவும் ஓய்வும் அச்சமற்ற வாழ்வும் உரிய காலத்து மருத்துவமும் கிடைக்கச் செய்வது நம் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. இவ்விரண்டையும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தரும் நிலையமாக நம் கழகம் பொன்விழாவையும் காண வேண்டும் என வாழ்த்தி அமைகிறோம்.